முகம் தெரியாதவருக்குச் சின்ன மீன்

இன்ஜாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒசாகாவின் இகுனோ வட்டாரத்தில், ரயில் பாலத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஏழு நாற்காலி போட்ட காப்பிக் கடை அவளுடையது. காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் தடித்த ரொட்டி, வேகவைத்த முட்டை, கறுப்புக் காப்பி. பதினொரு மணிக்கு மேல் வந்து முட்டை கேட்டால் அந்தக் கடவுளுக்கே கிடையாது. கீழே கடை, மேலே வீடு. பிறந்தது இகுனோ, வளர்ந்தது இகுனோ, வாழ்க்கைப்பட்டு வந்ததும் நாலு சந்து தள்ளித்தான். கையில் இருப்பது மட்டும் கொரியா நாட்டுக் கடவுச்சீட்டு. அந்த நாட்டுக்கு அவள் மொத்தம் இரண்டு தடவை போயிருக்கிறாள். இரண்டு தடவையும் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கணவர் யோங்பே போன அக்டோபரில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜேஜு தீவில் பிறந்தவர். ஒசாகாவில் வேலை பார்த்த அப்பாவைத் தேடி, பதினைந்து வயதில் படகேறி வந்தவர். அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ சின்ன வயதில் பயமுறுத்தியிருக்க வேண்டும். நாற்பது வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குக் காணாது.

கல்யாணம் ஆன வாரமே, "ஊருக்கு லெட்டர் போட்டுட்டேன். பதிவேட்டுல உன் பேரையும் எழுதிடுவாங்க" என்றார். எந்தப் பதிவேடு, யார் எழுதுவார்கள், ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜாவும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வயதில் யார் பதிவேட்டைப் பற்றிக் கேட்பார்கள்?

அவள் கேட்டதெல்லாம் திதியைப் பற்றித்தான். அதில் அவளுக்கு நெஞ்சு நிறைய எரிச்சல் இருந்தது. யோங்பேதான் மூத்த பிள்ளை. அப்படியானால் மாமனாரின் திதி இந்த வீட்டில்தானே நடக்க வேண்டும்? அது நடந்ததோ தம்பி யோங்குன் வீட்டில். இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது யோங்பேயின் பெரியப்பா தூபிலின் திதி. இருபது வயதில், கல்யாணம் ஆகாமல், தீவில் ஊரே ரணகளமாக இருந்த வருஷத்தில் செத்துப்போன மனிதர். ஒரு போட்டோகூடக் கிடையாது.

"உங்க அப்பாவுக்குச் செய்யச் சொன்னா வாயை மூடிக்கிட்டு செய்வேன். மூஞ்சியே தெரியாத மனுஷனுக்கு நான் எதுக்கு அடுப்புல வேகணும்?" என்று முதல் வருஷமே கேட்டாள்.

"அப்பா அப்படித்தான் சொன்னாரு" என்றார் யோங்பே. அத்தோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்தது.

சரி என்று செய்தாள். பெரணித் தண்டை ஊறவைத்து வதக்கினாள், இறைச்சியைக் குச்சியில் கோத்தாள், ஜேஜுக்காரர்கள் திதிக்கு வைக்கிற ஸ்பான்ஜ் கேக்கையும் வைத்தாள். அந்தத் தீவுக்காரர்கள் படையலுக்கென்றே தேடி வாங்குகிற சிவப்பு மீனில் மட்டும் தன் கோபத்தைக் காட்டினாள். சந்தைக்குப் போய், இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துப் பொறுக்குவாள். "யாருக்கும்மா இவ்ளோ சின்னது? பூனைக்கா?" என்று மீன்காரர் சகாமோதோ கேட்பார். "கிட்டத்தட்ட" என்பாள். மாமனார் திதிக்கு ஓரகத்தி வாங்குகிற மீனில் பாதிதான் இருக்கும் இது. யோங்பே அதைப் பார்ப்பார், தட்டில் தலையை மேற்கே திருப்பி வைத்துவிட்டு, முதல் கிண்ணம் மதுவை அவரே ஊற்றி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடுவார்.

யோங்பேயின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம்கூட முடிவதற்குள் வாசலில் வந்து நின்றார் நிஷியோகா. வீடுதான் யோங்பேயுடையது. வீடு நிற்கிற மண் வேறொருவருடையது. நிலக்காரரின் ஆள் இந்த நிஷியோகா. பார்க்கச் சாது, நிமிஷத்துக்கு நாலு தடவை தலை குனிவார்.

"நிலத்துக் குத்தகை மார்ச் முப்பத்தொண்ணோட முடியுதும்மா. வீடு யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவங்க கூடத்தான் புதுசா எழுத முடியும். இறந்தவர் கூட எழுத முடியாது இல்லீங்களா? மார்ச் தாண்டிட்டா இடத்தைத் திருப்பித் தரச் சொல்லி நிலக்காரர் ரொம்பப் பிடிவாதமா இருக்காரு" என்று குனிந்துகொண்டே சொன்னார்.

குனிந்த தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று இருந்தது அவளுக்கு. காப்பி கொடுத்து அனுப்பினாள்.

பெயர் மாற்றிப் பதிவு செய்யும் எழுத்தர் ஒகுரா நல்லவர், கடையின் வாடிக்கைக்காரர். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "வாரிசு நீங்களும் நாகோயாவுல இருக்கற உங்க மகளும்தான்னு எனக்குத் தெரியும். பதிவு ஆபீசுக்குத் தெரியாதே? அவர் பிறந்ததுலேர்ந்து சாகற வரைக்கும் எந்தெந்தக் குடும்ப ஏட்டுல இருந்தாருன்னு ஒண்ணுவிடாமக் காட்டணும். வேற பெண்டாட்டி பிள்ளை இல்லைங்கறதுக்கு அதான் அத்தாட்சி. ஜப்பான்காரரா இருந்தா நான் ஒரு மணி நேரத்துல வாங்கிடுவேன். இது வெளிநாட்டு ஏடு. என் கைக்கு எட்டாது."

"எனக்கு மட்டும் எட்டுமா? அந்த எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

"உங்க நாடுதானேம்மா அது?"

அவள் மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

கொரியத் தூதரக அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது மேலே போட்டிருந்தது நல்ல கறுப்புக் கோட்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குவோன் என்ற இளைஞர். சியோல்காரர், முப்பதுகூட இருக்காது. இன்ஜா பேசுகிற கொரிய மொழி அவளுடைய அம்மாவின் அடுப்படியில் கற்றது, அதிலும் தீவு வழக்கு. அவர் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு சின்னக் குழந்தையிடம் பேசுவதைப்போல மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"பழைய ஏடுங்கம்மா இது. ஆள் பேரைப் போட்டுத் தேட முடியாது. பூர்வீக விலாசம் வேணும், கதவு எண்ணோட. குடும்பத் தலைவர் பேரும் வேணும்."

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கவிழ்த்தாள். வாய் திறக்காத மனிதர் ஒரு காகிதம்கூட விட்டுப் போகவில்லை. இரண்டு வாரம் தேடி, கடைசியில் நகர அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, யோங்பே இளைஞராக இருந்தபோது வெளிநாட்டவர் பதிவில் கொடுத்த பழைய படிவத்தின் நகலை வரவழைத்தாள். வர ஆறு வாரம் ஆயிற்று. அதில் இருந்தது விலாசம்: ஜேஜு தீவு, தோல்மாரு கிராமம், எண் முன்னூற்றுப் பன்னிரண்டு. இன்ஜா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டாம் தடவை போனபோது பிப்ரவரி. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் மாமனார் பெயரை எழுதினாள், ஹியோன் தூசங். குவோன் கணினியில் தட்டினார், பார்த்தார், மறுபடி தட்டினார்.

"குடும்பம் இருக்கும்மா. விலாசம் சரி. ஹியோன் தூசங் இருக்காரு. ஆனா..."

"ஆனா என்ன தம்பி?"

"அவருக்கு ஒரே பிள்ளைதான் எழுதியிருக்கு. யோங்குன். யோங்பேன்னு யாருமே இல்லையேம்மா."

"நல்லாப் பாருங்க. யோங்குன் சின்னவன். மூத்தவர் எங்க வீட்டுக்காரர்."

அவர் நல்லாத்தான் பார்த்தார். எழுந்து உள்ளே போய் இன்னொருவரைக் கேட்டுவிட்டும் வந்தார். இல்லை. ஒசாகாவில் பிறந்த தம்பி அந்தத் தீவின் ஏட்டில் இருக்கிறார். அந்தத் தீவிலேயே பிறந்த அண்ணன் இல்லை.

ரயிலில் வரும்போது இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டாள். வீடு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது வருஷம் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

பக்கத்துச் சந்தில் அரிசிப் பலகாரம் விற்கிற பியோன் அக்காவிடம் இதைச் சொன்னது இன்ஜாவின் தப்பு. அந்த அக்காவுக்கு மனசு தங்கம், வாய் கத்தரிக்கோல்.

"படகுல வந்தவங்கள்ல பாதிப் பேரு அடுத்தவன் பேர்ல வந்தவங்கதானேடி" என்று மூன்றாவது காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "யாரு கண்டா? உன் ஆளு அந்த வீட்டுப் பிள்ளையே இல்லையோ என்னவோ. இல்ல, அவரு அப்பா வெளியில எங்கயாவது..."

"அக்கா, காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும். கிளம்பு!"

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. யோங்குனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்கள் அண்ணன் உங்கள் அண்ணனே இல்லையாமே என்று எந்த வாயால் கேட்பது? யோங்பேயின் போட்டோவைப் பார்த்து, "பேசாமப் பேசாம இருந்து கடைசியில என்னை இப்படி நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டீங்களே" என்று திட்டினாள். திட்டிவிட்டு அழுதாள். மார்ச் பிறந்தது. நிஷியோகா இரண்டு தடவை வந்து குனிந்துவிட்டுப் போனார்.

மார்ச் எட்டாம் தேதி, கடையை மூடிக்கொண்டிருந்தபோது யோங்குன் வந்து நின்றார். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் ஸ்பான்ஜ் கேக் பெட்டி, முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"என்ன அண்ணி, அடுப்புல ஒண்ணும் வாசனையே காணோம்? இன்னிக்குப் பெரியப்பா திதி இல்ல?"

இன்ஜாவுக்கு மறந்தேபோயிருந்தது. நினைவு வந்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"திதியா? செய்யற ஆளே போய்ட்டாரு. எனக்கு இருக்கற தலைவலியில மூஞ்சி தெரியாத மனுஷனுக்குச் சோறு வேறயா? உங்க பெரியப்பாதானே, உங்க வீட்டுலயே வெச்சுக்குங்க!"

"ஐயோ, நான் எப்படிச் செய்யறது? எனக்கு அந்த உரிமையே கிடையாதே!"

"உரிமை என்ன பெரிய உரிமை. ஒரு மீனு, ஒரு கிண்ணம் மது."

யோங்குன் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு தடவை அண்ணனுக்குக் காய்ச்சல்னு நான் முதல் கிண்ணத்தைத் தூக்கிட்டேன் அண்ணி. நீங்க அடுப்படியில இருந்தீங்க. அந்த ஜுரத்தோட எழுந்து வந்து கிண்ணத்தைப் பிடுங்கிட்டாரு. 'இது நான் ஊத்தணும்டா, நீ அப்பாவுக்கு ஊத்து'ன்னாரு. எங்க அப்பாவும் சாகறப்ப அதையேதான் சொன்னாரு. 'எனக்கு நீ கர்த்தா, பெரியப்பாவுக்கு அவன் கர்த்தா.' மூத்தவன் இருக்கறப்ப என்னைச் சொல்றாரே, என் மேல அவ்ளோ பாசம்னு நினைச்சிக்கிட்டேன்."

இன்ஜா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

முதல் கிண்ணம் யார் ஊற்றுவது? பிள்ளை. பிள்ளை இல்லாத மனிதருக்கு? பிள்ளையாகக் கொடுக்கப்பட்டவன். மூத்தவன் வாரிசில்லாமல் செத்தால் தம்பி தன் பிள்ளையைத் தத்துக் கொடுப்பான். படையல் நின்றுபோய்விடக் கூடாதே! அவளுடைய சொந்த அத்தை வீட்டில்கூட அப்படி ஒருவர் உண்டு. இகுனோவில் எந்தக் கிழவியைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். நாற்பது வருஷமாகக் கண் முன்னால் வருஷம் தவறாமல் நடந்தது. மீனின் அளவில் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்த மண்டைக்குத்தான் அது ஏறவில்லை.

"யோங்குன், உங்க பெரியப்பா முழுப் பேரு என்ன?"

"ஹியோன் தூபில். ஏன் அண்ணி, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

அவள் சொன்னாள். ஏட்டில் ஒரே பிள்ளை இருப்பதையும், தான் பயந்த பயத்தையும், பியோன் அக்கா சொன்னதையும் சேர்த்து மளமளவென்று கொட்டினாள். யோங்குன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு தொடையில் அடித்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"அடப்பாவி அண்ணா! இதைச் சொல்றதுக்கு உனக்கு என்ன வரி போட்டிருந்தாங்களா?"

அந்த நேரத்தில் சந்தையில் மீன்கடை மூடியிருக்கும். வீட்டில் இருந்த சால்மன் துண்டை வறுத்து, கேக்கை வைத்து, காப்பிக் கடையின் மேசை மேலேயே படையல் போட்டார்கள். கிண்ணத்தை எடுக்கும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் கூடாது அண்ணி" என்றார் யோங்குன்.

"தெரியுது. நான் ஊத்தறேன். பிடிக்கலன்னா அவரே வந்து சொல்லட்டும்" என்று இன்ஜா முதல் கிண்ணத்தை ஊற்றினாள்.

மறுநாள் காலை தூதரக அலுவலகம் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். கடைக்கதவில், யோங்பேயின் சாவுக்கு அப்புறம் முதல் தடவையாக, 'இன்று விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தாள். குவோன் அவளைக் கண்டதும் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, அன்னிக்கே பார்த்தோமே..."

"அந்தப் பேரு இல்ல தம்பி. அவரோட அண்ணன் பேரு. ஹியோன் தூபில்னு போட்டுப் பாருங்க."

"உங்க வீட்டுக்காரரோட பெரியப்பாவா? அவர் ஏட்டுல எதுக்கு..."

"எல்லாம் ஒரு திதி விஷயம். முதல்ல தட்டுங்க, அப்புறம் கதை சொல்றேன்."

தட்டினார். இன்ஜா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே எங்கேயோ ஒரு இயந்திரம் கரகரவென்று ஓடத் தொடங்கியது. குவோன் எழுந்து போய், இரண்டு, மூன்று, நாலு தாளோடு வந்தார். அவர் முகத்திலேயே சிரிப்பு இருந்தது.

"இருக்காரும்மா! பழைய ஏடு அந்தக் கலவர வருஷத்துல எரிஞ்சுபோச்சு. அப்புறம் ஊர்ல ஒவ்வொருத்தரும் வாயால சொல்லச் சொல்லத் திருப்பி எழுதியிருக்காங்க. உங்க வீட்டுக்காரரோட தாத்தா வந்து சொன்னதா குறிப்பு இருக்கு. மூத்த மகன் தூபில், அவரோட மகன் யோங்பே. இங்க பாருங்க, யோங்பேக்கு ஒரு மனைவி, ஒரு மகள். வேற யாரும் இல்ல. பிறந்ததுலேர்ந்து எல்லாம் கோர்வையா இருக்கு."

நெஞ்சில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவள் ஓவென்று அழுதுவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் பயந்துபோனார்கள். "ஒண்ணுமில்ல, நல்ல விஷயம்தான், நல்ல விஷயம்தான்" என்று குவோன் அவர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாள்களை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசித் தாளில், கையெழுத்தில், ஒரு வரி. ஊருக்குப் போட்ட லெட்டர் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. தூபில் என்ற பெயரின் கீழே, மகன் யோங்பேயை அடுத்து, ஹோங் இன்ஜா. அதன் மேலே உறவு முறை என்ற கட்டத்தில், மருமகள்.

இருபது வயதில் செத்தவருக்கு ஒரு மருமகள். நாற்பது வருஷமாக அந்தத் தீவில் ஒரு அலமாரிக்குள் அப்படித்தான் எழுதியிருந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அந்த ஒரு சொல்லை நாலைந்து தடவை படித்தாள்.

ஒகுரா அன்றைக்கே மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தார். மார்ச் இருபத்தாறாம் தேதி வீடு இன்ஜா பெயருக்கு மாறியது. இருபத்தெட்டாம் தேதி நிஷியோகா புதுக் குத்தகையில் முத்திரை வைத்துவிட்டு, குனிந்து, "நிலக்காரரும் ரொம்ப சந்தோஷப்படுவார்" என்றார். "படட்டும், படட்டும்" என்று இன்ஜா அவருக்கு ஒரு முட்டை கொடுத்தாள். மணி அப்போது பன்னிரண்டு.

பியோன் அக்கா இதையெல்லாம் ஓரத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, ஏதோ குடும்ப விவகாரம்னு" என்றாள். இன்ஜா அவளை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள்.

சாயங்காலம் சந்தைக்குப் போனாள். சகாமோதோவின் பலகையில் சிவப்பு மீன் வரிசையாகக் கிடந்தது. அவர் வழக்கம்போல ஓரத்தில் கிடந்த சின்னதைக் கையில் எடுத்தார்.

"அது வேணாம். அந்தப் பெருசு. நடுவுல இருக்கே, அது."

"இதா? மாமனார் திதிக்கு உங்க ஓரகத்திதானே இப்படி வாங்குவாங்க? பூனைக்கு எதுக்கும்மா இவ்ளோ பெருசு?"

"பூனைன்னு சொல்லாதீங்க" என்றாள் இன்ஜா. "என் மாமனாருக்கு."

"இன்னிக்கா திதி?"

"இல்ல. திதி முடிஞ்சு இருபது நாளாச்சு."

சகாமோதோ ஒன்றும் புரியாமல் மீனைச் சுற்றிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, வீட்டுக்கு வந்து, உப்புத் தடவி, அடுப்பில் வைத்து, வெந்ததும் தலையை மேற்கே திருப்பித் தட்டில் வைத்தாள். தட்டுக்கு மீன் பெரிதாக இருந்தது, வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க மாமா" என்றாள். "நாப்பது வருஷமா குட்டி குட்டியாவே வாங்கி வெச்சேன். நீங்க அதையெல்லாம் மனசுல வெச்சுக்காம, உங்க பேரை வெச்சே வீட்டை எனக்கு மீட்டுக் குடுத்துட்டீங்க. வயிறாரச் சாப்பிடுங்க."